கேள்வி எண் நான்கு

எழுந்து சொல்லிவிடலாம். எழுந்து என்னத்தைச் சொல்ல. ஐயா, வெளித்தேர்வாளர் அவர்களே, இந்தப் பிள்ளை நாலாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிற கவிஞன் பிறக்கவே இல்லை, அவனை நான்தான் முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சலூன் பெஞ்சில் என் முறை வரும்வரை காத்திருந்த நேரத்தில் உண்டாக்கினேன், என்று சொல்லலாம். ஒரு வாக்கியம்தான். வாழ்க்கையில் எத்தனை லட்சம் வாக்கியம் பேசியிருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் நடக்காதவை, ஒன்றுகூட தொண்டையில் சிக்கியதில்லை. இது சிக்குகிறது. மணி பதினொன்று ஐந்து. செமினார் ஹாலின் மூன்றாவது மின்விசிறி சுற்றுக்கு ஒரு தரம் டிக் என்கிறது. நான் ஓய்வு பெற்ற வருஷமும் அது டிக் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது, பதினாறு வருஷமாக ஒருத்தனும் ஏணி போட்டு ஏறவில்லை. பொது வாய்மொழித் தேர்வு என்று பெயர். பொது என்றால் யாரும் வரலாம், யாரும் கேட்கலாம், கேட்ட கேள்வியும் பிள்ளை சொன்ன பதிலும் தாளில் ஏறி, கேட்டவர் கையெழுத்தோடு பல்கலைக்கழகத்துக்குப் போகும். அதனால் கேள்வியை முன்கூட்டியே துண்டுச்சீட்டில் எழுதி வேண்டப்பட்டவர்கள் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். நானே கைடாக இருந்த காலத்தில் எத்தனை சீட்டு எழுதி விநியோகித்திருக்கிறேன். ஒரு தரம் சீட்டு மாறிப்போய், தாவரவியல்காரர் ஒருவர் எங்கள் நாடகத் தீசிஸ் வைவாவில் எழுந்து வேர்ப்புழுவைப் பற்றிக் கேட்டார், எங்கள் பையனும் அசராமல் பதில் சொல்லி டாக்டர் ஆகிவிட்டான். இதில் முக்கால்வாசி நடந்தது. இப்போது என் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருக்கிறது. இன்றைக்குத் தேர்வுக்கு நிற்கிற பிரம்மசக்தி கொடுத்தது. காலையில் வராந்தாவில் அவளைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் முதல் பஸ்ஸில் ஏறி வந்தேன். புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே ஓடி வந்தாள், காலைத் தொட்டாள், சார் நீங்க வந்ததே போதும் சார், இந்தக் கேள்விய மட்டும் நீங்க கேட்டீங்கன்னா எனக்கு ஆயுசுக்கும் போதும் சார் என்றாள். பிரித்துப் பார்த்தேன். கிரெயிலின் கவிதைகளில் உப்பு எதைக் குறிக்கிறது?

அவன் பெயர் ஆம்ப்ரோஸ் கிரெயில். பெயரையாவது கொஞ்சம் கேவலமாக வைத்திருக்கலாம். வைத்தால் சந்தேகம் வந்திருக்கும். நன்றாக அமைந்துவிட்டது, அதுதான் எல்லாப் பொய்க்கும் வருகிற கேடு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கிதியோன், வரலாற்றுத் துறையில் என்னோடு இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவர், என்ன ஓய் முகம் இப்படி வெளிறிக் கெடக்கு, சுகர் எறங்கிட்டா என்கிறார். இல்லை என்கிறேன். சிறுநீர் முட்டுகிறது. இது மூப்பால் முட்டுகிறதா பயத்தால் முட்டுகிறதா என்று இந்த வயதில் பிரித்துச் சொல்ல முடிவதில்லை, இரண்டுக்கும் ஒரே இடம். வெளியே போனால் திரும்பி வருவதற்குள் கேள்வி நேரம் முடிந்துவிடும். முடிந்தால் நல்லதுதானே. நல்லதில்லை. தேர்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டால் தீசிஸ் அப்படியே கணினியில் ஏறும், உலகத்தில் எவனும் திறந்து படிக்கலாம், படிக்கிறவனில் ஒருத்தனுக்கு வேலைவெட்டி இல்லாமல் இந்தக் கிரெயில் யார் என்று தோண்டத் தோன்றினால் போதும், பட்டம் போகும், பட்டத்தை நம்பி அந்தத் தனியார் கல்லூரிக்காரன் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருக்கிற வேலை போகும், இவள் பெயர் செய்தித்தாளில் வரும். கையெழுத்துக்கு முன்னால் சொல்லிவிட்டால் திருத்தம் என்று எழுதுவார்கள், அத்தியாயத்தை எடுத்துவிட்டு மூன்று மாதத்தில் மறுபடி கொடு என்பார்கள், அவ்வளவுதான், ஒரு மூன்று மாசம், ஒரு அழுகை. ஆக இன்றைக்குத்தான் சொல்ல வேண்டும். இங்கேதான். இந்த டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவில். டிக். அடுத்ததில்.

திரையில் எழுத்து விழுகிறது. முதல் தலைமுறை ஆங்கில இலக்கிய மாணவர்களும் துணைநூல்களும். நல்ல தலைப்பு. யாரும் தொடாத தலைப்பு. மூலநூலைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுவார்கள், மூலநூலுக்குப் பக்கத்தில் முட்டுக்கொடுத்து நிற்கிற தடித்த புத்தகத்தை யார் நினைக்கிறார்கள். பிரம்மசக்தி பேசுகிறாள், குரல் முதலில் நடுங்கி, பிறகு பிடித்துக்கொண்டது. பாடத்தில் ஒரு பறவை வருகிறது, அது எங்க ஊரில் இல்லை, ஒரு பூ வருகிறது, அதையும் பார்த்ததில்லை, பனி என்கிறார்கள், எங்களுக்கு ஐஸ் தெரியும், பனி தெரியாது, அகராதியும் களஞ்சியமும் குறிப்புரையும் இல்லையென்றால் எங்களுக்கு ஆங்கில இலக்கியம் என்பது அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் கேட்கிற மேளம்தான், சத்தம் வரும், பந்தி வராது என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள். வெளித்தேர்வாளர் வாரியர் சிரித்துவிட்டுக் குறித்துக்கொள்கிறார். திருவனந்தபுரம் பக்கத்து ஆள், வெள்ளை ஜிப்பா, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கேட்கிறார், அப்படிக் கேட்கிறவர்கள் ஆபத்தானவர்கள், உண்மையிலேயே கேட்பார்கள். இவள் சொல்வது எனக்குத் தெரியாதா. இதே கட்டடத்தில் மேல்மாடியில், கண்ணாடி பீரோவுக்குள் பன்னிரண்டு தொகுதிக் களஞ்சியம், சாவி அட்டெண்டர் இடுப்பில், வீட்டுக்குக் கொடுக்கப்பட மாட்டாது என்று முதுகில் சிவப்பு முத்திரை. கடைசி பீரியடு முடிவதற்கும் நாலே கால் பஸ்ஸுக்கும் நடுவில் முப்பத்தைந்து நிமிஷம், அதற்குள் பிள்ளைகள் நின்றுகொண்டே எழுதுவார்கள், ஒருத்தி வாசிக்க மூன்று பேர் எழுத, பக்கத்தில் விரல் வைத்து இன்னொருத்திக்கு இடம் பிடிக்க. அதைப் பார்த்துத்தான் முப்பது வயதில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. பஸ்ஸில் தூக்கிப் போகிற மாதிரி ஒரே புத்தகம், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், தொள்ளாயிரம் பதிவு. மாணவர் துணைவன். நாலு வருஷம் எழுதினேன். அந்தப் பூவுக்கு நேராக, ஏறக்குறைய ஆவாரம்பூ நிறம், தண்டு நீளம், குளத்தோரம் கும்பலாக நிற்கும் என்று எழுதினேன். தொள்ளாயிரத்தில் எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது சத்தியம். கோயிலில் சூடத்தை அடிக்கச் சொன்னாலும் அடிப்பேன். அந்த எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கும் ஒருத்தரும் என் காலைத் தொட்டதில்லை.

பொய்யை எனக்காக எழுதவில்லை, திருடனுக்காக எழுதினேன். அகராதி போடுகிறவர்கள், வரைபடம் போடுகிறவர்கள் எல்லாம் செய்வதுதான், எங்கோ ஒரு மூலையில் இல்லாத ஒரு சொல், இல்லாத ஒரு தெரு, எவன் காப்பியடிக்கிறானோ அவன் அதையும் சேர்த்து அடிப்பான், மாட்டிக்கொள்வான். எனக்கு வாய்த்த திருடன் மகரபூஷணம், பஸ் நிலையத்துக்கு எதிரே புத்தகக் கடை, நோட்ஸ் போட்டே மாடி கட்டியவன். துணைவன் வந்த ஆறாவது மாதம் அவன் கடையில் மாணவர் தோழன் வந்தது, என் அச்சுப்பிழையோடு. சரி இரு உனக்கு வைக்கிறேன் பார் என்று இரண்டாம் பதிப்பில் கிரெயிலை வைத்தேன். பிறப்பு ஆயிரத்து எண்ணூற்று இருபத்தொன்று, தூத்துக்குடி உப்பு இலாகாவில் எழுத்தர், ஒரே ஒரு சிறு தொகுப்பு. நம்பும்படி இருக்கட்டும் என்று இரண்டு வரியும் கட்டினேன். இந்த வெண்மை பனியன்று, இதைத் தொட்டவன் கை எரியும். சலூன்காரன் கூப்பிட்டான், அத்தோடு நிறுத்திக்கொண்டேன். எட்டே மாதம், தோழனில் கிரெயில் வந்தான். இரண்டு புத்தகத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி, மகரபூஷணம் கடைக்குப் போனேன். அவன் கல்லாவில் உட்கார்ந்து தேங்காய் பர்பி தின்றுகொண்டிருந்தான். பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். பார்த்தான், என்னையும் பார்த்தான், மெதுவாகச் சொன்னான், ஏன் சார், கிரெயில் உங்க சொத்தா, பெரிய கவிஞர் எல்லாருக்கும் பொதுவில்லையா. வாயைத் திறந்தேன். திருட்டை நிரூபிக்க வேண்டுமென்றால் கிரெயில் இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லை என்று சொன்னால் மாணவர் கையில் பொய்யைக் கொடுத்தவன் நான். என் பதிப்பாளர் என்னைத் தூக்கி வெளியே போடுவார். மகரபூஷணத்துக்கு விஷயம் தெரிந்திருந்ததா தெரியாதா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை, ஒரு துண்டு பர்பி நீட்டினான். வாங்கித் தின்றுவிட்டு வந்தேன். எலிக்கு வைத்த பொறியில் என் கட்டைவிரல்.

அத்தோடு முடிந்திருந்தால். தோழனிலிருந்து வேறொருவன் கைவிளக்கு என்று ஒரு நோட்ஸ் போட்டான், அதில் கிரெயிலுக்கு அரைப்பக்கம். ஒரு வருஷம் தேர்வுத்தாளில் வந்தான், ஐந்து மதிப்பெண், சிறுகுறிப்பு வரைக. நானே திருத்தினேன். நூற்றுப் பதினான்கு விடைத்தாளில் என் பிள்ளையைப் பற்றி நானே படித்து மார்க் போட்டேன், ஒருவன் நன்றாக எழுதியிருந்தான், நாலரை கொடுத்தேன். அன்றைக்கு வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை, இது நல்லதுக்கில்ல என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அப்புறம் ஏதோ ஒரு தகுதித் தேர்வு, உப்பைப் பாடிய கவிஞர் யார், நாலு விடையில் ஒன்று. சரியாக எழுதியவனுக்கு வேலை கிடைத்திருக்கும், தப்பாக எழுதினவன், உண்மையைச் சொன்னால் சரியாக எழுதினவன், வீட்டுக்குப் போயிருப்பான். அன்று எனக்கும் சிரிப்பு வரவில்லை. நாலாம் பதிப்பில் அவனை எடுத்துவிட்டேன். கத்தரித்து, இடைவெளி தெரியாமல் அடுத்த பதிவை இழுத்து மூடினேன். இரண்டு மாதத்தில் பதிப்பாளருக்கு இருபத்தாறு கடிதம். பக்கம் விட்டுப்போயிருக்கிறது, கிரெயில் இல்லாமல் மாணவர் துணைவனா, எங்கள் மண்ணில் நடந்த ஒரே ஆங்கிலக் கவிஞனை எந்தக் காழ்ப்பில் நீக்கினீர்கள் என்று வீரபாண்டியன்பட்டணத்திலிருந்து ஒரு தலைமையாசிரியர். பதிப்பாளர் என்னைக் கேட்கவே இல்லை, அவரே திரும்பச் சேர்த்தார், பரிகாரமாக இரண்டு பக்கம், நடுவில் ஒரு பாய்மரக் கப்பல் படம். நான் யாரிடமாவது, அவன் இல்லை, அது என் வேலை என்றால், நயினார் சார் ஆரம்பிச்சுட்டார் என்பார்கள். கரண்ட் போன வகுப்பில் விடாமல் ஒன்றரை மணி நேரம் பாடம் நடத்தி, விளக்கு எரிந்தபோது பார்த்தால் எதிரே உட்கார்ந்திருந்தது வேறு கல்லூரிப் பிள்ளைகள் என்று சொன்னவன்தானே நான். குற்றாலத்தில் குரங்கு என் வருகைப் பதிவேட்டைத் தூக்கிப் போய் மறுநாள் திருப்பித் தந்தது, வராதவனுக்கெல்லாம் சரியாக ஆப்சென்ட் போட்டிருந்தது என்று சொன்னவன்தானே. பிள்ளைகள் தூங்காமல் இருக்கட்டும் என்று சொன்னேன். சரி, எனக்கும் பிடித்திருந்தது.

நாலாம் அத்தியாயம். திரையில் அவன் பெயர் நாற்பது புள்ளி எழுத்தில் விழுகிறது. கிதியோன் முழங்கையால் இடிக்கிறார், உம்ம ஆளு வாராரு ஓய். பிரம்மசக்தி கணினியை விட்டு நகர்ந்து முன்னால் வந்து நிற்கிறாள். தாளைப் பார்க்கவில்லை. முதலாண்டு பி.ஏ. சேர்ந்து ஒரு மாதத்தில் நின்றுவிடலாம் என்று இருந்தேன் என்கிறாள். வகுப்பில் ஒன்றும் புரியவில்லை, கோடை விடுமுறையில் அம்மாவோடு உப்பளத்தில் உப்பை ஒதுக்குகிற வாருபலகை இழுத்துக் கை வெடித்திருந்தது, பேனா பிடிக்க எரியும், நூலகத்தில் சும்மா உட்கார்ந்து ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினேன், படிக்கக்கூட இல்லை, புரட்டினேன், அந்த இரண்டு வரி இருந்தது. சொல்கிறாள். என் வரியை அவள் வாயால் கேட்கிறேன். சலூன் பெஞ்சில் கட்டியபோது அது இப்படி இல்லை. அப்போது அது வெறும் பொறி, அதில் வைத்த மசால்வடைத் துண்டு. இப்போது அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள், தொட்டவன் கை எரியும் என்று, விசிறிகூட டிக் சொல்ல மறந்த மாதிரி இருக்கிறது. எங்கோ பிறந்த ஒருவன் என் கையைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்றால் இந்தப் பாடம் எனக்கும் உரியது என்று அன்றைக்கு நினைத்தேன், அன்று நாலே கால் பஸ்ஸை விட்டுவிட்டேன் என்கிறாள். கடைசி வரிசையில் அவள் அம்மா, சந்தனமாரி என்று வராந்தாவில் அறிமுகம் செய்தாளே, கறுப்புக் கண்ணாடி, மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை, ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது, கிரெயில் என்கிற பெயர் வரும்போதெல்லாம் தலையை ஆட்டுகிறாள். தெரிந்தவர் பெயரைக் கேட்ட மாதிரி. நான் என்ன செய்துவிட்டேன். நல்லது செய்துவிட்டேனா. இல்லை, நல்லது என்று என் வாய் இதையும் ஒரு கதையாக மாற்றப் பார்க்கிறது, விடாதே நயினார், இந்தக் கதை முடிகிற இடத்தில் அந்தப் பிள்ளையின் கழுத்து இருக்கிறது. எழுந்திரு. மூத்திரம் முட்டுகிறது. எழுந்திரு.

வாரியர் கண்ணாடியை இறக்கி மூக்கில் வைக்கிறார். வந்துவிட்டது. இந்தக் கவிஞரின் தொகுப்பை நேரில் பார்த்தாயா என்று கேட்கிறார், அன்பாகத்தான், அன்பாகக் கேட்டால்தான் ஆள் விழும். ஹெப்சிபா மேடம், இவளுக்குக் கைடு, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுகிறார், திறக்கவும் இல்லை மூடவும் இல்லை. பார்க்கவில்லை சார் என்கிறாள் பிரம்மசக்தி. வெளிநாட்டு நூலகங்கள் மூன்றுக்கு எழுதினேன், இரண்டு பதில் போடவில்லை, ஒன்று எங்கள் பட்டியலில் இல்லை என்றது. முடிந்தது என்று நினைத்தேன், பாதி துக்கம், பாதி நிம்மதி, நான் எழ வேண்டியதில்லை, அவரே அவிழ்த்துவிடுவார். அவளோ ஓர் அடி முன்னால் வைக்கிறாள். அதுதான் சார் என் தீசிஸே என்கிறாள். உப்பு இலாகா எழுத்தன் ஒருவன் எழுதியதைப் பெரிய நூலகம் எதற்குச் சேர்த்து வைக்கும், மூலநூல் அழிந்துபோன பிறகும் ஒரு மனிதன் மிச்சமிருக்கிற இடம் துணைநூல்தான், ஏழை மாணவனுக்கான மலிவுத்தாள் புத்தகம் காப்பாற்றியிருக்கிறது, பணக்கார நூலகம் கைவிட்டிருக்கிறது, துணைநூலின் மதிப்புக்கு இதைவிடச் சான்று எனக்குக் கிடைக்கவில்லை. வாரியர் பேனாவை மூடிவிட்டுக் கைதட்டுகிறார். ஒரு தேர்வாளர் நடுவில் கைதட்டி நான் பார்த்ததில்லை. அவன் இல்லை என்பதே அவன் இருந்ததற்குச் சாட்சியாகிவிட்டது. இதை நான் சொல்லியிருந்தால் அளக்காதீரும் ஓய் என்றிருப்பார்கள். பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்கிறார் ஹெப்சிபா மேடம். சீட்டுகள் எழுகின்றன. முதல் கேள்வி, இரண்டாம் கேள்வி, கிதியோன் தன் சீட்டைக் கண்ணுக்கு நெருக்கி வைத்து ஒரு வரியைத் தாவி வாசித்து உட்கார்கிறார், மூன்று. பிரம்மசக்தி என்னைப் பார்க்கிறாள். கோயில் நடை திறக்கக் காத்திருக்கிறவள் பார்க்கிற மாதிரி. எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, நாற்காலி பின்னால் சரிந்த சத்தம்தான் கேட்டது, கையில் சீட்டு, சீட்டை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடு, உப்பு எதைக் குறிக்கிறது, மூன்று சொல், உட்கார்ந்துவிடு.

ஆம்ப்ரோஸ் கிரெயில் என்று ஒருவர் இருந்ததில்லை, அவரை நான் கற்பனை செய்தேன், என்றேன். ஆங்கிலத்தில், என் ஆயுளிலேயே அலங்காரம் இல்லாத வாக்கியம். பிறகு சிரிப்பு. முதல் வரிசையில் ஆரம்பித்துக் கடைசி வரிசைவரை போய்த் திரும்பி வந்தது. ஹெப்சிபா மேடம் வாரியர் பக்கம் குனிந்து, கரண்ட் போன வகுப்பையும் குரங்கையும் சொல்கிறார் போலிருக்கிறது, வாரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். கிதியோன் என் சட்டையைக் கீழே இழுக்கிறார், உக்காரும் ஓய், போதும், பிள்ளை பயந்துரும். இல்லை என்றேன், மற்ற புத்தகமெல்லாம் என்னைப் பார்த்து எழுதினவை என்றேன், இரண்டு கையையும் ஆட்டினேன், அதையும் நடிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள், இன்னும் சிரித்தார்கள். பிரம்மசக்தி மட்டும் சிரிக்கவில்லை. முகம் ஒரு கணம் வெளுத்தது, பார்த்தேன், பிறகு அதில் ஒரு வெளிச்சம் வந்தது, இந்தக் கிழவன் நமக்காக எவ்வளவு பெரிய கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்கிற வெளிச்சம். நன்றி சார் என்றாள். பதிவை எழுதியவரே அதை மறுத்தாலும் ஆய்வாளர் சான்றைத்தான் நம்ப வேண்டும் என்றாள். துணைவனைப் பார்த்துத் தோழன் எழுதப்பட்டிருந்தால் துணைவனில் இல்லாதது தோழனில் இருக்கக்கூடாது, ஆனால் பக்கம் நூற்றுத் தொண்ணூற்று ஆறில், கிரெயிலுக்கு மார்கரெட் என்று ஒரு தங்கை இருந்ததாகவும், அவளுக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்ததாகவும் இருக்கிறது, ஆகவே தோழனின் ஆசிரியருக்கு வேறொரு மூலம் இருந்திருக்கிறது, இது தனிச்சான்று. மகரபூஷணம். அடப் பாவி மகரபூஷணம். காப்பி தெரியாமல் இருக்கத் தங்கச்சி ஒருத்தியைச் சேர்த்திருக்கிறான், நான் ஒரு நாளும் அந்தப் பக்கத்தைக் கடைசிவரை படிக்கவில்லை. செத்துப் பதினொரு வருஷம் ஆனபிறகு கல்லாவிலிருந்தபடியே பர்பி நீட்டுகிறான். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், கைதட்டலில் அது எனக்கே கேட்கவில்லை. ஓர் ஆராய்ச்சி மாணவி தாளை நீட்டினாள். கேள்வி எண் நான்கு: கிரெயில் என்பவர் கற்பனையா? பதில்: சான்றுகளுடன் மறுக்கப்பட்டது. திருப்திகரம். கேட்டவர் கையெழுத்து. என் கை பேனாவை வாங்கிப் போட்டுவிட்டது, ஆறுமுகநயினார், கீழே கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி, ஐம்பது வருஷப் பழக்கம்.

பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று வாரியர் எழுந்து நின்று வாசித்ததும், பொன்னாடை போர்த்தியதும், போட்டோவுக்கு என்னையும் இழுத்து நடுவில் நிறுத்தியதும், யாருக்கோ நடப்பதுபோல் நடந்தது. இந்தப் பதிவைத் தான் தொகுக்கிற களஞ்சியத்தில் சேர்க்க அனுமதி வேண்டும் என்று வாரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், உங்கள் நகைச்சுவை அபாரம் என்றார். கழிப்பறைக்குப் போய் வந்தேன். அது மட்டும்தான் இன்றைக்கு நான் நினைத்தபடி செய்து முடித்தது. வெளியே வாழையிலை போட்டிருந்தார்கள், எனக்கு இறங்கவில்லை. தூண் பக்கமாக நழுவிப் படியை எட்டுகிறபோது பிரம்மசக்தி ஓடி வந்தாள், பின்னால் அவள் அம்மாவைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு. இனி இவளிடம் தனியாகச் சொல்லலாம், இன்னும் ஒரு சந்தர்ப்பம், சிரிக்க ஆள் இல்லை, சொன்னால் நம்புவாள், முகத்தைப் பார்த்தால் நம்புவாள். பிள்ளே, இங்க பாரு, நான் அங்க சொன்னது வெளையாட்டில்ல, என்று ஆரம்பித்தேன். அவள் கண் என் மேல் நின்றது. அதற்குள் சந்தனமாரி குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, என்னைச் சரியாகப் பார்க்காமல், என் தோளுக்கு ஓர் அங்குலம் தள்ளிப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டாள். அந்தத் தொரயப் பத்தி இவ சொல்லிச் சொல்லி எங்க வீட்டு ஆளு மாதிரி ஆயிட்டாவய்யா. நீங்கதான் மொதல்ல எழுதுனியளாமே. எனக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உப்புல கெடந்தவுகன்னா வெள்ளைய பாத்துப் பாத்துக் கண்ணுல்ல போயிரும், எனக்கு நாப்பத்தெட்டுலயே போயிட்டு. அவுகளுக்குக் கடைசி வரைக்கும் கண்ணு தெரிஞ்சுதாய்யா?

பிரம்மசக்தி மெதுவாகச் சொன்னாள், எந்தப் புத்தகத்திலும் அவர் பிறந்த வருஷம் மட்டும்தான் சார் இருக்கு, முடிவு இல்லை. ஆமாம், இல்லை. எழுதியபோது அவனைக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொல்லிவிடு நயினார். அம்மா, அப்படி ஒரு ஆள் இல்லை, உன் கண் போனதை எவனும் பார்த்து எழுதவில்லை என்று சொல். அவள் காத்திருந்தாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இமை வேகமாக அடித்துக்கொள்வது பக்கவாட்டில் தெரிந்தது. தெரிஞ்சுது தாயி, என்றது என் வாய், நான் இல்லை, என் வாய், கடைசி நாள் வரைக்கும் நல்லாத் தெரிஞ்சுது, சாகிற அன்னிக்குச் சாயங்காலம் கூடப் பாத்திக் கரையில நின்னு கப்பல எண்ணிருக்காவ. சந்தனமாரி நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். நல்லாருக்கட்டும் என்றாள். நான் படியில் கால் வைத்தேன். பிரம்மசக்தி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டிருந்தாள், அழைப்பிதழின் பின்பக்கத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, எந்த வருஷம் சார் என்றாள்.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு, என்றேன். ஆவணி மாசம்.